பழைய காரின் ரப்பர் பீடிங் மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் இன்ஜின் பற்றியும் பெயின்ட் பற்றியும் நிறைய விசாரித்து வைத்திருப்பார்கள். பீடிங் ரப்பர் என்று வந்தால் மட்டும், மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் சந்தேகங்கள் கிளம்பும். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கதவுக்கும் பாடிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ரப்பர் அடைக்கும். அந்த இடைவெளி கோணலாக இருந்தால் அதை நேராக்காது. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் வரும்.

டோர் பீடிங், வெதர்ஸ்ட்ரிப், கண்ணாடி ரப்பர்னு ஆளுக்கொரு பேர் சொல்றாங்க. மொத்தம் எத்தனை வகை இருக்கு?

கதவைச் சுற்றி வரும் பெரிய ரப்பர்தான் டோர் பீடிங். சில கார்களில் அது கதவில் ஒட்டியிருக்கும், சிலவற்றில் பாடியின் விளிம்பில் செருகியிருக்கும், சிலவற்றில் இரண்டு இடத்திலும் இருக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் வழியில், உள்பக்கம் பஞ்சு போன்ற ஃபெல்ட் ஒட்டிய சேனல் ஒன்று உண்டு. கண்ணாடி கதவுக்குள் இறங்கும் இடத்தில், வெளியே ஒன்றும் உள்ளே ஒன்றுமாக இரண்டு துடைப்பு ரப்பர்கள் இருக்கும். முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் பிடித்து நிறுத்துவது தடிமனான கேஸ்கெட் ரப்பர். இவை தவிர முக்கோணக் கண்ணாடி ரப்பர், டிக்கி பீடிங், பானெட்டுக்கு அடியில் வரும் பட்டை, தரையிலும் தடுப்புத் தகட்டிலும் ஓட்டைகளை அடைக்கும் சின்னச் சின்ன குரோமெட்கள்.

எல்லாவற்றையும் ‘வெதர்ஸ்ட்ரிப்’ என்று ஒரே பெயரில் சொல்வார்கள். ஆர்டர் கொடுக்கும்போது மட்டும் எந்த இடத்து ரப்பர் என்று சொல்லிக் கேளுங்கள்.

ரப்பர் பார்க்க நல்லாத்தான் இருக்கு. மாத்தற நேரம் வந்துடுச்சான்னு எப்படித் தெரியும்?

கண்ணால் பார்த்தால் தெரியாது, விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி விட்டதும் பழைய உருவத்துக்கு எழும்ப வேண்டும். அமுங்கிய பள்ளம் அப்படியே நின்றால், அல்லது அமுங்கவே மறுத்தால், அதன் வேலை முடிந்தது. ஓர் இடத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள். கெட்டுப்போன ரப்பர் என்றால் வளைவின் வெளிப்பக்கத்தில் நுண்ணிய கோடுகளாக வெடிப்பு திறக்கும்.

பிறகு காகிதச் சோதனை. ஒரு காகிதத் துண்டைக் கதவு விளிம்பில் வைத்து, கதவை மூடி, மெதுவாக இழுங்கள். இழுவை கையில் தெரிய வேண்டும். சும்மா வழுக்கி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் தொடவே இல்லை. ஒரு சாண் தூரத்துக்கு ஒரு முறை என்று கதவைச் சுற்றிலும் இதைச் செய்து, வழுக்கும் இடங்களில் மாஸ்கிங் டேப்பால் குறி போடுங்கள். குறிகள் சுற்றிலும் பரவியிருந்தால் ரப்பர் கெட்டுவிட்டது. ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் கதவின் கீலையோ லாக்கையோ முதலில் பாருங்கள்.

கார் ஓடவே இல்லையே, ஷெட்டில்தானே நிக்குது. அப்புறம் ரப்பர் ஏன் கெட்டுப்போகுது?

ரப்பரைக் கெடுப்பவை ஆக்ஸிஜன், ஓசோன், வெயில், சூடு ஆகியவை. ஓடாமல் நின்றால் இவற்றில் வெயில் மட்டும்தான் குறையும். பழைய கார்களில் பெரும்பாலும் இயற்கை ரப்பரோ அதற்கு நெருக்கமான செயற்கை ரப்பரோதான் இருக்கும். அதன் மூலக்கூறுச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஓசோன்கூட அந்தப் பிணைப்பை வெட்டிவிடும். ரப்பர் இழுபட்டு நிற்கும் வளைவுகளில், இழுவைக்குக் குறுக்காக முதலில் வெடிப்பது இதனால்தான்.

கூடவே ஆண்டுக்கணக்கில் கதவு மூடியே இருந்தால், அமுங்கிய நிலையே ரப்பருக்கு நிரந்தர உருவமாகிவிடும். நின்றிருக்கும் காருக்கு இந்தத் தொல்லை ஓடும் காரைவிட அதிகம்.

புதுசு வாங்கும்போது எந்த மெட்டீரியல் நல்லது?

கதவு, டிக்கி, கண்ணாடி மூன்றுக்கும் ஈபிடிஎம். 1960-களில் பரவலாகத் தொடங்கிய செயற்கை ரப்பர் இது. மேலே சொன்ன இரட்டைப் பிணைப்பு இதன் முதன்மைச் சங்கிலியில் இல்லாததால் ஓசோனும் வெயிலும் இதை எளிதில் தொடுவதில்லை. கதவுக்கும் டிக்கிக்கும் நுரை போன்ற ஸ்பாஞ்சு வகை, கண்ணாடி கேஸ்கெட்டுக்குக் கெட்டியான வகை. இரண்டையும் மாற்றிப் போட்டால் கதவு மூடாது, அல்லது கண்ணாடி நிற்காது.

ஈபிடிஎம்முக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோலியம் எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊறிப் பருத்துவிடும். இன்ஜின் பக்கம் எண்ணெய் தெறிக்கும் இடங்களுக்கு நியோபிரீன் என்ற இன்னொரு செயற்கை ரப்பர் தேவலை. விலை குறைவு என்று வரும் பிவிசி பட்டைகளை நான் பரிந்துரைப்பதில்லை. குளிரில் விறைக்கும், வெயிலில் தொய்யும், எழும்பி வரும் சக்தி சீக்கிரம் போய்விடும்.

அந்தக் காலத்துப் பெட்டியே பிரிக்காத ஒரிஜினல் ரப்பர் கிடைக்குது. வாங்கலாமா?

உலோக பாகம் என்றால் யோசிக்காமல் வாங்குங்கள். ரப்பர் என்றால் வேண்டாம். பெட்டிக்குள் இருந்தாலும் வயது ஏறிக்கொண்டேதான் இருந்திருக்கும். பொருத்தும்போது வளைத்ததும் வெடிக்கலாம், அல்லது சில மாதத்தில் நொறுங்கலாம். வாங்கினால் அளவுக்கும் வடிவத்துக்கும் மாதிரியாக வைத்துக்கொள்ள மட்டும் வாங்குங்கள்.

மீட்டர் கணக்கில் வெட்டித் தர்ற ரப்பர் போதுமா, என் கார் மாடலுக்குன்னே செஞ்சதுதான் வேணுமா?

உங்கள் மாடலுக்கு வார்த்தது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. காரணம் மூலைகள். மீட்டர் ரப்பரைக் கூர்மையான மூலையில் வளைத்தால் உள்பக்கம் மடிந்து சுருங்கும், வெளிப்பக்கம் தட்டையாகும். தண்ணீர் அங்கேதான் வழி கண்டுபிடிக்கும். மாடலுக்கென்று செய்ததில் மூலை தனியாக வார்த்து இணைத்திருப்பார்கள்.

டிக்கி போல வளைவுகள் பெரிதாக இருக்கும் இடத்தில் மீட்டர் ரப்பர் நன்றாகவே உட்காரும். குறுக்குவெட்டு வடிவம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்பதை மட்டும் பாருங்கள். பழைய ரப்பரில் சிதையாத ஓர் இடத்தை பிளேடால் நேராக வெட்டி, வெட்டுமுகத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்துகொண்டால் ஒப்பிடுவது சுலபம்.

பழைய ரப்பரே இல்லை, முன்னாடி இருந்தவங்க பிச்சுப் போட்டுட்டாங்க. அளவு எப்படி எடுக்கறது?

இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிள்ளைகள் விளையாடும் மாடலிங் களிமண்ணை உருண்டைகளாக்கி, ரப்பர் உட்காரும் பாதையில் ஒரு சாணுக்கு ஒன்றாக வைத்து அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போடுங்கள். தாள் இல்லாவிட்டால் களிமண் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு கிழியும். கதவை லாக் விழும்வரை மூடி, உடனே திறந்து, நசுங்கிய உருண்டைகளின் தடிமனை வெர்னியர் காலிப்பரால் அளந்து, ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

அந்த எண்கள்தான் உங்கள் காரின் உண்மையான இடைவெளி. ஸ்பாஞ்சு ரப்பர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமுங்கும்போது நன்றாக அடைக்கும். இடைவெளி 10 மில்லிமீட்டர் என்றால் சுமார் 15 மில்லிமீட்டர் உயரமுள்ள ரப்பர் பொருந்தும். பாதிக்கு மேல் அமுக்கினால் கதவு தள்ளும், ரப்பரும் சீக்கிரம் தட்டையாகும்.

எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் சகஜம், ரப்பர் சமாளித்துக்கொள்ளும். மேலே 7, கீழே 14 என்று வந்தால் எந்த ரப்பரும் சமாளிக்காது. கதவைத் திறந்து, நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. அதைச் சரி செய்து, கதவைப் பொருத்தி, மறுபடி களிமண் வைத்து அளந்த பிறகுதான் ரப்பர் ஆர்டர்.

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடி போடணுமா, பின்னாடியா?

ஒட்டுவது பின்னால், வைத்துப் பார்ப்பது முன்னால். டிங்கர் வேலை முடிந்து பிரைமர் அடித்த நிலையில், ரப்பரைப் பசையில்லாமல் மாஸ்கிங் டேப்பால் ஆங்காங்கே பிடித்து, கதவை மூடிப் பாருங்கள். தகட்டைத் தட்டித் திருத்த வேண்டியது ஏதாவது இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பெயின்ட் ஆன பிறகு தெரிந்தால் பெயின்டும் வீணாகும்.

பெயின்ட் அடித்ததும் அவசரப்படாதீர்கள். தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்த பெயின்ட், உள்ளே முழுதாக இறுகியிருக்காது. பசையில் இருக்கும் கரைப்பான் பட்டால் சுருங்கி எழும்பும். பெயின்டர் சொல்லும் காலக்கெடு முடியும்வரை காத்திருங்கள்.

பழைய ரப்பரை எடுக்கும்போது பெயின்ட் உரியாம எப்படி எடுக்கறது?

சூடு, பொறுமை, பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர். ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் வைத்து, ஓர் இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டினால் பழைய பசை இளகும். கை பொறுக்கும் சூடு போதும். இளகியதும் ரப்பரைத் தன் மேலேயே மடித்த மாதிரி, தட்டையான கோணத்தில் பின்னோக்கி இழுங்கள். நேராக மேலே இழுத்தால்தான் பெயின்ட் கூடவே வரும்.

மிச்சமிருக்கும் பசைக்கு மினரல் டர்பென்டைனில் நனைத்த துணியைச் சற்று நேரம் அதன்மேல் போட்டு வைத்து, பிறகு துடையுங்கள். தின்னரும் அசிட்டோனும் வேண்டவே வேண்டாம், பழைய லாக்கர் பெயின்டை அவை நொடியில் கரைத்துவிடும். எதை உபயோகித்தாலும் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் முதலில் தொட்டுப் பாருங்கள். கழற்றிய ரப்பரைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தப் பக்கம், எது மேல், எது முன் என்று சாக்பீஸால் எழுதி, கடைசி ரப்பர் பொருந்தும்வரை வைத்திருங்கள்.

அடியில் லேசா துரு இருக்கு. அதுக்கு மேலேயே ஒட்டிடலாமா?

கூடாது. ரப்பருக்கு அடியில் ஈரம் காயாது, துரு வேகமாகத் தின்னும். பசையும் துருவோடு சேர்ந்து உரிந்து வரும். பளிச்சென்று உலோகம் தெரியும்வரை தேய்த்து, குழிகளில் துரு மாற்றி (மிச்சத் துருவை மேலும் பரவாத படலமாக மாற்றும் திரவம்) தடவி, பிரைமரும் பெயின்டும் அடித்து, காய விட்டு, பிறகு ஒட்டுங்கள். விளிம்பில் ஓட்டை விழுந்திருந்தால் புட்டி போட்டு மறைக்காதீர்கள். வெல்டிங் செய்ய வேண்டிய இடம் அது.

எந்தப் பசை? சிலிக்கான் சீலன்ட் வீட்லயே இருக்கே, அது போதாதா?

போதாது, கெடுதலும் செய்யும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அது பெயின்ட் இல்லாத தகட்டில் துரு பிடிக்க வைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை பின்னால் வரும். சிலிக்கான் பட்ட இடத்தில் அடுத்த முறை பெயின்ட் பிடிக்காமல் மீன்கண் போலக் குழி குழியாக ஒதுங்கும். வேறு பசையும் ஒட்டாது.

இதற்கென்றே வரும் வெதர்ஸ்ட்ரிப் பசைதான் சரி. மஞ்சளிலும் கறுப்பிலும் கிடைக்கும். பிடிமானம் நல்லதாக இருந்தாலும் மஞ்சள் பிதுங்கினால் பளிச்சென்று தெரியும், ஆகவே கறுப்பு வாங்குங்கள். கிளிப்பாலோ உள்கம்பியாலோ நிற்கும் ரப்பருக்குப் பசையே தேவையில்லை. சிலர் பாதுகாப்புக்காக என்று அதிலும் பூசுகிறார்கள். அடுத்து கழற்றுபவர் தகட்டைச் சுரண்டிக்கொண்டிருக்க வேண்டியதாகிவிடும்.

பசை தடவித்தான் ஒட்டினேன், ரெண்டு நாள்ல உரிஞ்சு வந்துடுச்சு. ஏன்?

பெரும்பாலும் குற்றவாளி, புது ரப்பரின் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத படலம். அச்சிலிருந்து ரப்பர் எளிதாகக் கழன்று வரத் தொழிற்சாலையில் தடவும் பொருள் அது. விரலால் தேய்த்தால் மெழுகு போல லேசாக வழுக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் ஒட்டும் பக்கத்தைத் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது குறையும்வரை துடைத்தால் போதும். ஒட்டும் முகத்தை நைஸான எமரி தாளால் இரண்டு இழுப்பு இழுத்தால் பிடிமானம் இன்னும் கூடும்.

இரண்டாவது காரணம் அவசரம். இது இரண்டு பக்கமும் தடவ வேண்டிய பசை. மெல்லிய பூச்சாகத் தடவி, ஈரம் போய் விரலில் நூல் இழுக்காமல் பிசுக்கென்று ஒட்டும் பதம் வந்த பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் கரைப்பான் உள்ளேயே அடைபட்டு, பிடிமானம் வராது. ஒரு முழ நீளம் தடவி, ஒட்டி, மாஸ்கிங் டேப்பால் பிடித்துவிட்டு அடுத்த முழத்துக்குப் போங்கள். தகட்டின் இரண்டு ஓரத்திலும் டேப் ஒட்டிக்கொண்டு தடவினால் கோடு சுத்தமாக இருக்கும்.

கதவில் எங்கிருந்து தொடங்கணும்? ஜாயின்ட் எங்க வரணும்?

வார்த்த மூலைகள் இருந்தால் மூலைகளிலிருந்து தொடங்குங்கள். எல்லா மூலைகளையும் அதனதன் இடத்தில் உட்கார வைத்து டேப்பால் பிடித்த பிறகு நடுவில் வரும் நேர்ப்பகுதிகள். ஒரு முனையிலிருந்து ஒட்டிக்கொண்டே போனால் கடைசி மூலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் போய் நிற்கும், அப்போது இழுத்துப் பொருத்தத் தோன்றும்.

இழுக்கவே கூடாது. இழுத்து ஒட்டிய ரப்பர் மெதுவாகத் தன் நீளத்துக்குத் திரும்பும். மூலைகளில் வில்லின் நாண் மாதிரி உள்பக்கமாக எழும்பி நிற்கும், ஜாயின்டில் வாய் பிளக்கும். மாறாக, ஒட்டும்போதே லேசாக நெருக்கித் தள்ளி ஒட்டுங்கள். மீட்டர் ரப்பர் என்றால் முழுவதும் ஒட்டி முடித்த பிறகு, தேவைக்கு ஒரு சென்டிமீட்டர் அதிகமாக விட்டு நேராக வெட்டி, இரண்டு முனையையும் நெருக்கி ஒட்டுங்கள். முனையோடு முனை சேர்க்க சயனோஅக்ரிலேட், அதாவது சூப்பர் குளூ, நன்றாகப் பிடிக்கும். ஜாயின்ட் கதவின் கீழ்ப்பகுதியில் வரட்டும், கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் மேல்பகுதியில் வேண்டாம். டிக்கியில் பின்பக்கம் லாக்கின் அருகே.

உள்ளே குழலாக இருக்கும் ரப்பரில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கும். அவை காற்று வெளியேறும் வழி. பசையால் அடைத்துவிடாதீர்கள். நீங்கள் வாங்கியதில் ஓட்டையே இல்லையென்றால், அமுங்கும்போது காற்றுத் தலையணை மாதிரி எதிர்க்கும். தண்ணீர் படாத பக்கமாக ஆங்காங்கே சிறு ஓட்டைகள் போட்டுக்கொள்ளலாம்.

உள்ளே கம்பி வெச்ச பீடிங், விளிம்பில் தட்டி ஏத்தறது. நிக்கவே மாட்டேங்குது, கழண்டு வருது.

தகட்டின் தடிமனை அளந்தீர்களா? உள்ளிருக்கும் உலோகப் பிடி குறிப்பிட்ட தடிமனுக்குத்தான் கவ்வும். தகடு மெலிதாக இருந்து பிடி அகலமாக இருந்தால் கழலும். பொருத்தும் முன் பிடியை இடுக்கியால் சீராக லேசாக நெருக்கலாம். ஏற்றும்போது கையால் அழுத்தி, பிறகு ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். மூலையில் மடங்கினால் பிடி உடையும், ஆகவே பெரிய வளைவாகவே கொண்டு போங்கள். வெட்டுவதற்குக் கத்திரிக்கோல் வேண்டாம், கட்டிங் பிளையர்.

புது ரப்பர் போட்டதும் கதவு மூடவே மாட்டேங்குது. அறைஞ்சு சாத்த வேண்டியிருக்கு.

முதலில் எதிர்ப்பக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு மூடிப் பாருங்கள். சுலபமாக மூடினால் உள்ளே அடைபட்ட காற்றுதான் தள்ளியிருக்கிறது, ரப்பர் நன்றாக அடைக்கிறது என்று அர்த்தம். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருந்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம், கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டுத்தான் கதவை மூடுவார்கள்.

கண்ணாடி இறக்கியும் தள்ளினால் எந்த இடம் தள்ளுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். ரப்பர் மேல் டால்கம் பவுடர் தடவி, கதவை மூடித் திறந்தால், அதிகம் அழுத்தும் இடத்தில் எதிர்த் தகட்டில் தடம் அகலமாக விழும். சுற்றிலும் சீராக அகலமாக இருந்தால் ரப்பர் புதிது என்பதுதான் காரணம். சில நாட்கள் கதவை மூடியே வைத்தால் படிந்துவிடும், வெயிலில் நின்றால் இன்னும் சீக்கிரம். கீல் பக்கம் மட்டும் அகலமாக இருந்தால் அங்கே ரப்பர் மடிந்திருக்கிறது, அல்லது உயரம் கூடியது வாங்கியிருக்கிறீர்கள். களிமண் அளவைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

லாக் விழுவதற்காக ஸ்ட்ரைக்கரை, அதாவது கதவின் லாக் போய்க் கவ்வும் பாடிப் பக்கத்துத் துண்டை, வெளியே தள்ளி வைப்பது தற்காலிகமாகச் சரி. தொடக்கத்தில் அது இருந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டுத் தள்ளுங்கள். ரப்பர் படிந்ததும் கோட்டுக்கே திரும்பக் கொண்டு வர வேண்டும். மறந்துவிட்டால் அதே ரப்பர் தண்ணீர் விடும். அறைந்து சாத்துவது மட்டும் வேண்டாம். கீலும் லாக்கும் அடி வாங்கும், இறக்கி வைத்த கண்ணாடியும் உள்ளே ஆடும்.

கண்ணாடி சேனல் மாத்தினேன். இப்போ கைப்பிடி சுத்தவே கஷ்டமா இருக்கு.

புது ஃபெல்ட் பழகக் கொஞ்ச காலம் வேண்டும், ஆனாலும் கஷ்டம் என்னும் அளவுக்கு இருக்கக் கூடாது. சேனல் அதன் தகட்டுக்குள் அடிவரை உட்கார்ந்திருக்கிறதா, மேல் மூலையில் மடிந்து நிற்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் மூலைதான். அங்கே உள்பக்கம் சிறு முக்கோணமாக வெட்டி வளைத்தால் படியும். உலர் சிலிக்கான் ஸ்பிரேயை ஃபெல்ட்டில் லேசாக அடிக்கலாம். எண்ணெயோ கிரீஸோ அடித்தால் தூசு சேர்ந்து கண்ணாடியில் கீறல் விழும்.

மழை பெய்தால் கதவுக்குள்ள தண்ணி போற சத்தம் கேக்குது. பீடிங் சரியில்லையா?

கதவுக்குள் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடியின் வெளித்துடைப்பு ரப்பர் பெரும்பகுதியைத் தடுக்கும், முழுவதையும் தடுக்காது. உள்ளே இறங்கும் தண்ணீர் கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள் வழியாக வெளியேற வேண்டும் என்பதே வடிவமைப்பு. அந்தத் துளைகளைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். புது டோர் பீடிங்கை அவற்றின் மேல் ஒட்டி மூடிவிடாதீர்கள். மூடிவிட்டால் கதவு தொட்டியாகி, அடித்தகடு உள்ளிருந்து அழுகும்.

டோர் டிரிம்முக்கு (கதவின் உள்பக்கத்தை மூடும் அட்டை) பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளோ மெழுகுக் காகிதமோ இருந்திருக்கும். கண்ணாடி மெக்கானிசத்தைச் சரி செய்தவர்கள் கிழித்துப் போட்டிருப்பார்கள். அதன் கீழ்விளிம்பு கதவின் உள்ளே செருகியிருக்க வேண்டும், அப்போதுதான் வழியும் தண்ணீர் மறுபடி கதவுக்குள்ளேயே விழும். அது இல்லாவிட்டால் டிரிம் ஊறி, கார்பெட் நனையும்.

முன் கண்ணாடி ரப்பரை நானே மாத்தலாமா?

கூட ஒருவர் இருந்தால் முடியும். தனியாக வேண்டாம். பழைய ரப்பரைக் காப்பாற்ற முயற்சி செய்யாமல், வெளி உதட்டைக் கத்தியால் சுற்றிலும் அறுத்துவிட்டு உள்ளிருந்து உள்ளங்கையால் தள்ளினால் கண்ணாடி வந்துவிடும். விளிம்புத் தகட்டைச் சுத்தம் செய்து, துரு இருந்தால் மேலே சொன்னபடி சரி செய்யுங்கள். கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணாடியின் ஓரத்தில் சிறு தெறிப்பு இருந்தாலும் பொருத்தும்போது அங்கிருந்துதான் விரிசல் ஓடும்.

புது ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டுங்கள். சில கார்களில் குரோம் பட்டையையும் இந்த நிலையிலேயே ரப்பருக்குள் செருக வேண்டும், காரில் ஏறிய பிறகு முடியாது. தகடு நுழைய வேண்டிய பள்ளத்தில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளும் கீழே நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றின் மேல் ஒன்று வருமாறு விடுங்கள். பள்ளத்திலும் தகட்டிலும் சோப்புத் தண்ணீர். வெளியிலிருந்து கண்ணாடியை நடுவாக வைத்து, கயிற்று முனைகளை உள்ளே போடுங்கள். ஒருவர் வெளியே உள்ளங்கையால் அழுத்த, உள்ளே இருப்பவர் அதே இடத்தில் கயிற்றைக் கண்ணாடியின் நடுவை நோக்கி இழுக்க வேண்டும். கயிறு வெளியே வர வர, உள் உதடு தகட்டின் மேல் ஏறி உட்காருவதைப் பார்க்கலாம். கீழ்ப்பக்கம் முதலில், பிறகு இரண்டு பக்கமும், மேல்பக்கம் கடைசியில். ஓர் இடத்தில் இறுகி நின்றால் பலம் காட்டாதீர்கள். சோப்புத் தண்ணீர் விட்டு, வெளியே சற்றுத் தள்ளித் தட்டினால் இறங்கும்.

எல்லாம் உட்கார்ந்து, ஈரம் காய்ந்ததும், இறுகாத வகை கண்ணாடி சீலன்ட்டை வெளி உதட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் செலுத்துங்கள். ஒன்று ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, இன்னொன்று ரப்பருக்கும் பாடிக்கும் நடுவே. இதைச் செய்யாமல் விட்டதால் ஒழுகும் கார்கள் ஏராளம்.

எல்லா ரப்பரும் புதுசு. ஆனாலும் கார்பெட் நனையுது.

அப்படியானால் ரப்பரை விட்டுவிட்டு மற்ற வழிகளைத் தேடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே வரும் அறையில் இலை அடைத்து வடிகால் நின்றிருக்கலாம். வயர் நுழையும் குரோமெட் நொறுங்கியிருக்கலாம். கூரையோர வாய்க்காலில் தகடுகள் சேரும் இடத்துப் பழைய சீலன்ட் வெடித்திருக்கலாம். வைப்பர் தண்டுக்கு அடியிலிருக்கும் வளையமும் சந்தேகத்துக்குரியதுதான். நனைந்தது தண்ணீர்தானா என்றும் முகர்ந்து பாருங்கள். இனிப்பான வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது.

சோதனைக்குக் கார்பெட்டை எடுத்துவிடுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார, இன்னொருவர் குழாயைக் குறைந்த வேகத்தில் கீழிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டு போகட்டும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, வழி தெரியாமல் போகும். பிரஷர் வாஷர் வேண்டாம், எந்த மழையும் அவ்வளவு வேகத்தில் அடிக்காது. சந்தேகமான இடங்களில் உள்பக்கம் பவுடர் தூவி வைத்தால், தண்ணீர் வந்த தடம் கோடாக விழும். சொட்டும் இடம் வேறு, நுழையும் இடம் வேறு என்பதை மறக்க வேண்டாம்.

தண்ணி வரலை, வேகமாப் போனா விசில் சத்தம் மட்டும் வருது.

கதவைச் சுற்றியுள்ள இடைவெளி முழுவதையும் வெளியிலிருந்து மாஸ்கிங் டேப்பால் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பகுதி பகுதியாக டேப்பை எடுத்துக்கொண்டே போங்கள். சத்தம் திரும்பும் இடம்தான் வழி. பெரும்பாலும் கதவின் முன் மேல்மூலை, அல்லது முக்கோணக் கண்ணாடி. டேப் முழுதாக ஒட்டியும் சத்தம் வந்தால் அது கண்ணாடி, வைப்பர், குரோம் பட்டை ஏதோ ஒன்றில் காற்று கிழிபடும் சத்தம்.

என்னுது ஹார்ட்டாப், கதவுக்கு மேல் ஃபிரேமே இல்லை. வரிசை மாறுமா?

மாறும். இதில் கண்ணாடியே நேராகக் கூரை ரப்பரில் போய் அழுந்துகிறது. முதலில் கதவின் கீல், இடைவெளி. அடுத்து சேனல், துடைப்பு, கூரை ரப்பர் எல்லாம். கடைசியில் கண்ணாடியின் உயரத்தையும் சாய்வையும் கதவுக்குள் இருக்கும் போல்ட்டுகளால் திருத்துவது. பழைய ரப்பருக்குத் திருத்தி வைத்த கண்ணாடி புது ரப்பருக்கு ஒத்துவராது. புதிது போட்டதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கதவை அடித்து மூடினால் கூரை ரப்பரின் உதடு கிழியும். பாதி இறக்கி மூடி, மெல்ல ஏற்றிப் பார்த்து, எங்கே இடிக்கிறது என்று கண்டு திருத்துங்கள். கன்வர்ட்டிபிளுக்கும் இதேதான், மேல் துணியை இறுக்கிப் பூட்டிய நிலையில் பார்க்க வேண்டும்.

ரப்பர் காயாம இருக்க வாசலின், தேங்காய் எண்ணெய் ஏதாவது தடவலாமா?

வாசலின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஈபிடிஎம் அதில் ஊறிவிடும் என்று மெட்டீரியல் பற்றிய பதிலிலேயே சொன்னேன். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் பிசினாகித் தூசு பிடிக்கும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் துணியால் தேய்த்தால் போதும். புதிதாகப் போட்ட ரப்பர் பெயின்டில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் இது உதவும். பெயின்ட் வேலை பாக்கி இருக்கும் காரில் மட்டும் சிலிக்கானைப் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள். அதுவரை டால்கம் பவுடர்.

ஏற்கெனவே விறைத்துப்போன ரப்பரை மென்மையாக்கும் என்று விற்கும் திரவங்கள் மேற்பரப்பைச் சில நாள் பளபளப்பாக்கும். வெடித்த ரப்பரைத் திரும்ப உயிர்ப்பிக்கும் மருந்து எதுவும் கிடையாது.

எல்லாத்தையும் ஒரே நேரத்தில் மாத்த முடியாது. எதை முதல்ல மாத்தறது?

டிக்கி பீடிங். பலரும் கதவு என்று எதிர்பார்ப்பார்கள், எனக்கு இதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஓடும் காரின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் சைலன்சர் புகை வண்டியின் பின்புறத்தைச் சுற்றியே சுழலும். டிக்கி ரப்பர் அடைக்காவிட்டால் அது டிக்கிக்குள் நுழைந்து, பின் சீட்டின் வழியாக உள்ளே வரும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. காரில் போகும்போது தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்தி, இறங்கிவிடுங்கள். சைலன்சரையும் டிக்கி ரப்பரையும் பார்க்காமல் மறுபடி ஓட்டாதீர்கள்.

அடுத்து முன் கண்ணாடி ரப்பர். அங்கே இறங்கும் தண்ணீர் டேஷ்போர்டு வயரிங்கிலும் தரைத் தகட்டிலும் விழும். பிறகு கதவுகள், அதிலும் ஓட்டுநர் கதவு முதலில், அதுதான் அதிகம் திறந்து மூடப்படுகிறது. சேனலும் துடைப்பு ரப்பரும் கண்ணாடியைக் கழற்ற வேண்டிய வேலை வரும்போது சேர்த்து முடிக்கலாம். பானெட் பட்டை கடைசியில்.